கொல்லைப்புற மீன்குளமும் சித்திரை மாதத்து நீர்க்கணக்கும்

மதுரை ஜில்லாவில் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு குளம் வெட்டி மீன் வளர்க்கவேண்டும் என்னும் விருப்பம் பலருக்கும் உண்டு. சமையலுக்குப் புது மீனும், வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் உரமேறிய நீரும் ஒரே குழியிலிருந்து கிடைக்குமாயின் அதனை வேண்டாம் என்பவர் யார்? விருப்பத்தில் குற்றமில்லை. குற்றம் நேர்வது குளம் வெட்ட எண்ணும் காலத்தில்தான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து, கிணறு நிறைந்து, கண்மாய் மறுகால் பாயும்போதே பெரும்பாலோருக்குக் குளத்தைப் பற்றிய நினைவு வருகிறது. அப்போது மண்வெட்டி வைத்த இடமெல்லாம் ஜலம் ஊறுகிறது. 3 அடி வெட்டியதும் போதுமென்று நிறுத்தி, மீன்குஞ்சுகளை வாங்கி விட்டுவிடுகிறார்கள். பங்குனி பிறந்ததும் நீர் முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. சித்திரையில் மீன் செத்து மிதக்கிறது. வைகாசியில் அந்தக் குழி குப்பை கொட்டும் இடமாகிறது.

இந்தச் சீமையில் கொல்லைக் குளம் கார்த்திகை மாதத்துக்காக வெட்டப்படுவதன்று. சித்திரை மாதத்துக்காக வெட்டப்படவேண்டியது. சித்திரையிலும் குளத்துக்கு நீர் கொடுக்க வல்லவர் 12 மாதக் குளம் வெட்டலாம். அது இயலாதவர் 7 மாதக் குளத்தோடு நிற்பதே சிலாக்கியம். இவ்விரண்டில் எது தம் வீட்டுக்கு ஏற்றது என்று தீர்மானிக்காமல் வெட்டும் குளம் பணத்துக்கும் உழைப்புக்கும் நஷ்டமாகவே முடியும்.

சீதோஷ்ண நிலை

குளிர்நாட்டு மீன்குள நூல்களில் பனிக்காலத்தில் நீர் உறைந்துபோகாமல் காப்பது எப்படி என்று பல பக்கங்கள் எழுதப்பட்டிருக்கும். மதுரைச் சமவெளிக்கு அந்தக் கவலை இல்லை. மார்கழி, தை இரவுகளில் இங்கே குளிர் பாரன்ஹீட் கணக்கில் 70 டிகிரிக்கு அருகேதான் நிற்கிறது. கெண்டை இனங்கள் செழித்து வளர்வதற்கு ஏற்ற நீர்ச்சூடு 77 முதல் 90 டிகிரி வரை என்பதால், குளிர்காலத்தில் அவை சற்று மந்தமாக வளருமேயன்றி மடிவதில்லை. இங்கே மீனுக்குச் சத்துரு வெயில். மே மாதத்தில் பல நாட்கள் காற்றின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுகிறது. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. 68 டிகிரிச் சூட்டில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 86 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். ஆழமில்லாத குளத்தில் மேல்நீர், அடிநீர் என்ற பேதமின்றி முழுவதும் காய்ந்துபோவதால் மீன் ஒதுங்குவதற்கு இடமே இல்லாமற் போகிறது.

மழையின் கணக்கையும் பார்க்கவேண்டும். மதுரையில் ஒரு வருஷத்துக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர், அதாவது 33 அங்குலத்துக்குச் சற்று அதிகம். அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்திலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. தை முதல் பங்குனி வரை மழையை நம்புவதற்கில்லை. சித்திரை, வைகாசியில் கோடை மழை சில நாட்கள் பெய்யும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது வெயில் சற்றுத் தணிந்தாலும், அந்தக் காற்றே குளத்து நீரைக் குடித்துக்கொண்டிருக்கும்.

குடக் கணக்கு

20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள ஒரு குளத்தை உதாரணமாகக் கொள்வோர் கீழ்க்கண்ட கணக்கை மனத்தில் வைக்கவேண்டும். கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் அங்குலம் நீர் ஆவியாகிறது. 300 சதுர அடிப் பரப்பில் அது 6 கன அடிக்கு மேல். லிட்டர் கணக்கில் சுமார் 177. பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் நாள்தோறும் 12 குடம். மண் வழியே கசிவும் அதே அளவு இருக்குமாயின் 24 குடம். மார்ச்சு முதல் தேதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையுள்ள 105 நாட்களுக்கு ஆவியாகும் நீர் மட்டுமே 1,200 குடத்துக்கு மேல் ஆகிறது.

இதற்கு எதிரே வரவைக் காணலாம். 300 சதுர அடி என்பது முக்கால் சென்ட்டுக்கும் குறைவு. காற்று ஊட்டும் இயந்திரம் இல்லாத குளத்தில் சென்ட்டுக்கு 20 முதல் 25 குஞ்சுகளுக்கு மேல் விடுவது தகாது. ஆகவே இக்குளம் 15 மீன்களுக்கே இடம் தரும். எல்லாம் நன்றாகப் பிழைத்து வளர்ந்தாலும் வருஷத்துக்குப் பத்துக் கிலோ மீனுக்கு அதிகமாக எதிர்பார்க்கலாகாது. குடிநீருக்கே தெருவில் குடங்களை வரிசை வைக்கும் நாட்களில், பத்துக் கிலோ மீனுக்காக 1,200 குடம் நீரை யார் இறைப்பது, யார் சுமப்பது? வீட்டில் நீர் சுமப்பவர் பெரும்பாலும் பெண்களாதலால், குளம் வெட்டுமுன் அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்பது நியாயமும் புத்திசாலித்தனமும் ஆகும்.

இந்தக் கணக்கைக் கண்டு குளமே வேண்டாமென்று கைவிட வேண்டுவதில்லை. ஆழத்தைக் கூட்டிக் கசிவை அடைத்தால் கணக்கு மாறிவிடும். அதே 20 அடிக்கு 15 அடிக் குளம் நடுவில் ஐந்தரை அடி நீர் நிற்கும்படி வெட்டப்பட்டு, கசிவும் அடைக்கப்பட்டிருக்குமானால், மார்ச்சு முதல் தேதியில் நிறைந்து நிற்கும் நீர் 105 நாட்களில் 26 அங்குலம் இறங்கும். அப்போதும் 3 அடி 4 அங்குலம் நீர் மிஞ்சும். ஒரு குடமும் சுமக்காமலே கோடையின் பெரும்பகுதி கழிந்துவிடும். 3 அடிக் குளத்திலோ அதே இழப்புக்குப் பின் மிஞ்சுவது 10 அங்குலம். முதற் செலவில் இரண்டரை அடி மண் அதிகமாக வெட்டுவதற்குக் கொடுக்கும் கூலி, கோடைதோறும் திரும்ப வருகிற ஆதாயம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

கண்மாய் கற்பிக்கும் பாடம்

மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கோடை நெருங்கிக் கண்மாய் வற்றும் தறுவாயில் ஊரார் ஒன்றுகூடி மீன்பிடித் திருவிழா நடத்துவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். கரையில் பெரியவர்கள் நின்று அனுமதி கொடுத்ததும், ஊத்தாவும் வலையும் கொண்டு ஆணும் பெண்ணும் சிறுவரும் இறங்கி, விரால், கெண்டை, கெளுத்தி என்று கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இதனை வேடிக்கை என்று மட்டும் எண்ணுவது தவறு. கண்மாய் மீன் ஒரு பருவப் பயிர். நீர் வற்றுமுன் அறுக்கப்படவேண்டியது என்ற அனுபவ ஞானம் அதில் அடங்கியிருக்கிறது. பல ஏக்கர் பரப்புள்ள கண்மாயே சித்திரைக்குத் தாளாதென்று முன்னோர் அறிந்திருக்க, கொல்லையிலுள்ள 3 அடிக் குழி தாளும் என்று எண்ணுவது எப்படிப் பொருந்தும்?

நகருக்குள்ளேயும் ஒரு பாடம் உண்டு. திருமலை நாயக்கர் 1645-ஆம் ஆண்டில் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 16 ஏக்கர் பரப்புள்ளது. கல்லால் கட்டிய படிகளும் சுவர்களும் உறுதியாக நின்றும், வைகையிலிருந்து நீர் வரும் வழி அடைபட்டிருந்த நெடுங்காலம் அது வறண்டு, பிள்ளைகள் பந்தாடும் மைதானமாகக் கிடந்தது. வாய்க்கால் செப்பனிடப்பட்ட பின்னரே மறுபடியும் அதில் நீர் நிற்கலாயிற்று. குளத்துக்கு உயிர் கரையில் இல்லை. நீர் வரும் வழியில் இருக்கிறது. 16 ஏக்கருக்கு உண்மையானது முக்கால் சென்ட்டுக்கும் உண்மையே.

அழகர் இறங்கும் நாள் அளவு

ஆகையால், குளம் வெட்ட விரும்புவோர் முதலில் தம் கிணற்றை அளக்கவேண்டும். அளப்பதற்கு மதுரை ஜனங்கள் எவரும் மறவாத நாள் ஒன்று இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியில் அழகர் வைகையில் இறங்கும்போது ஆற்றுக்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அந்த நாளில் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, நீர் எத்தனை அடி நிற்கிறதென்று குறிக்கவேண்டும். ஒரு மணி நேரம் இறைத்துவிட்டு, மறுநாள் காலைக்குள் பழைய மட்டத்துக்கு ஊறுகிறதா என்றும் பார்க்கவேண்டும். வீட்டுத் தேவையும் தோட்டத் தேவையும் போக, நாளொன்றுக்கு 10 முதல் 15 குடம் வரை மிச்சம் காட்டும் கிணறு 12 மாதக் குளத்தைத் தாங்கும். அடிமணல் தெரியும் கிணறு தாங்காது. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் இருப்பவர், அண்டை வீட்டுக் கிணற்று நீரையும் அந்த மோட்டார் இழுக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. 600 சதுர அடிக் கூரையிலிருந்து வடகிழக்குப் பருவத்தில் மட்டும், சேதாரம் போக, சுமார் 19,000 லிட்டர் கிடைக்கும். மேற்சொன்ன ஐந்தரை அடிக் குளம், கரைகள் சரிவாக வெட்டப்பட்டிருந்தால், சுமார் 23,000 லிட்டர் கொள்ளும். கூரைநீரும் நேரே விழும் மழையும் சேர்ந்து அதனை நிரப்பிவிடும். குளம் நிறைந்த பின் வரும் கூரைநீரைக் கிணற்றோரத்துக் கசிவுக்குழியில் விடவேண்டும். குளத்தில் நிற்கும் நீரைச் சூரியன் குடிக்கும்; மண்ணுக்குள் இறங்கிய நீரை அது தொடாது.

வெட்டும் முறை

வெட்டுவதற்கு உகந்த காலம் வைகாசி, ஆனி. அப்போது நிலத்தடி நீர் தாழ்ந்திருப்பதால் ஆழமாக வெட்டலாம்; மண்ணின் குணமும் தெரியும். நனைத்த மண்ணை உருண்டை பிடித்து, மேலே எறிந்து கையில் ஏந்தினால் உடையாமல் இருக்குமாயின் அதில் நீர் தங்கும். வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கங்களிலுள்ள செம்மண்ணில் மணல் கலந்திருக்குமிடத்தில் கசிவு மிகுதி. அங்கே குளத்தின் அடியிலும் பக்கங்களிலும் கண்மாய்க் கரம்பையை அரை அடி கனத்துக்குப் பரப்பி, நீர் தெளித்து மிதித்து இறுக்குவது நல்லது. கரம்பை எடுக்கச் சர்க்கார் அனுமதி பெறவேண்டும். கரம்பை கிடைக்காதவர் கனமான தார்ப்பாய் விரிக்கலாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் கசிவு குறைவாயினும், கோடையில் அது பாளமாக வெடிக்கும். கரை காயாதபடி அறுகம்புல் வளர்க்கவேண்டும்.

இறுகிய மண்ணில் ஓரடி ஆழத்துக்கு ஓரடிச் சரிவும், இளகிய மண்ணில் இரண்டடிச் சரிவும் கொடுக்கவேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி கரை நிற்கவேண்டும். கார்த்திகைப் பெருமழையில் மிகுநீர் வெளியேற ஒரு குழாயும், அதன் வாயில் மீன் தப்பாதபடி கம்பிவலையும் அவசியம். வீட்டுச் சுவருக்கு 10 அடிக்குள்ளாகவும், குடிநீர்க் கிணற்றுக்கு 50 அடிக்குள்ளாகவும் குளம் வெட்டலாகாது. சாணம் இடும் குளத்தின் கசிவு குடிநீரில் கலக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் நான்கடி வேலியும் தாழ்ப்பாளிட்ட படலும் இல்லாமல் ஒரு குடம் நீரும் குளத்தில் விடலாகாது. மீன் போனால் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம் என்பதை நினைப்பவர் இந்த வேலிச் செலவுக்கு அஞ்சமாட்டார்.

நிழலுக்காகக் கரையில் மரம் வைப்பது நலமன்று. உதிரும் இலை அழுகிப் பிராணவாயுவைத் தின்னும். மேற்குப் பக்கத்தில் பந்தல் கட்டி, தை மாதத்தில் சுரை அல்லது பீர்க்கு விதை ஊன்றினால், பங்குனிக்குள் கொடி படர்ந்து குளத்தின் மூன்றிலொரு பாகத்தைப் பிற்பகல் வெயிலிலிருந்து மறைக்கும், காயும் கிடைக்கும். முழுக் குளத்தையும் மூடலாகாது. சூரிய வெளிச்சம் இல்லாவிடில் மீனுக்கு உணவாகும் நுண்ணுயிர்ப் பாசி உண்டாகாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறினால் அன்று தீனி போடுவதை நிறுத்தி, நீரை உயரத்திலிருந்து ஊற்றிக் கலக்கவேண்டும். வெயிலில் மட்டுமல்ல, மழைக்காலத்தில் தொடர்ந்து சில நாட்கள் மூடாக்கு நின்றாலும் இவ்விதம் நேரும்.

மீனும் தீனியும்

குஞ்சு விடுவதற்கு இரண்டு வாரம் முன்பு, சென்ட்டுக்கு ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும், சில நாள் கழித்து 8 கிலோ பசுஞ்சாணமும் இடலாம். மேல்நீரில் மேயும் கட்லா, நடுநீரில் மேயும் ரோகு, அடியில் மேயும் மிருகால் ஆகிய மூன்றையும் ஏறத்தாழச் சமமாகக் கலந்து விட்டால் ஒன்றின் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம எடையில் கலந்து, மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு தினமும் இட்டாற் போதும்.

முற்காலத்தில் இவ்வினக் குஞ்சுகளை ஆற்று வெள்ளத்தில் அரித்துப் பிடித்தே கொண்டுவரவேண்டியிருந்தது. வேற்றினங்களும் கலந்து வரும். 1957-ஆம் ஆண்டில் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி, மீனின் கபச்சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் குளத்து நீரிலேயே கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன் பயனாகவே இன்று பண்ணைகளில் இனம் பிரித்த குஞ்சுகள் கிடைக்கின்றன.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை எவர் கொடுத்தாலும் வாங்கலாகாது. இந்தியச் சர்க்கார் 2000-ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதித்திருக்கிறது. கரை மீறிய மழையில் அது கண்மாய்க்குள் நுழைந்தால், அயிரை முதலான ஊர் மீன்களுக்கு அதுவே காலன். மதுரையின் அயிரைக் குழம்பைப் புகழ்ந்து உண்போருக்கு இதைவிட விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் ஓயாமல் குஞ்சு பொரித்து, சிறு குளத்தில் எலும்பும் செதிலுமான பொடிமீனாகப் பெருகிவிடும்.

7 மாதக் குளம்

கிணறு கைகொடுக்காதவருக்கு 7 மாதக் குளம் குறைவானதன்று. புரட்டாசியில் 4 அங்குலத்துக்குக் குறையாத குஞ்சுகளாக வாங்கி விடவேண்டும். பொடிக்குஞ்சு மலிவாயினும் பருவம் போதாது. ஒரு வருஷத்தில் ஒரு கிலோவை எட்டக்கூடிய கட்லா, நன்கு பேணிய குளத்தில் ஏழு மாதத்தில் அரைக் கிலோவுக்கு அருகே வரும். சிறு குளத்தில் சற்றுக் குறையவும் கூடும். மாசியில் பெரியவற்றைப் பிடித்து, பங்குனி முடிவதற்குள் முழுவதும் பிடித்துவிடவேண்டும். மிஞ்சிய நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் இறைத்து, அடிச்சேற்றை வெட்டிப் பாத்திகளில் போட்டால் அது நல்ல எரு. வெயிலில் காய்ந்து வெடித்த குளத்தில் நோய்க்கிருமியும் மடியும். கோடையில் ஒரு குடமும் சுமக்காமல் வீட்டுக்கு ஐந்தாறு கிலோ மீனும் தோட்டத்துக்கு எருவும் தருவதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே தகுந்த முறையாகும்.

சிம்மக்கல் போன்ற இடங்களில்

வைகையின் தென்கரையிலுள்ள சிம்மக்கல்லில் வீடுகளும் கடைகளும் சுவரோடு சுவராக நெருங்கி நிற்கின்றன. அங்கே கொல்லை என்பது பல வீடுகளில் கிணற்றடி அளவுதான். மண்குளம் அவ்விடத்துக்கு ஆகாது, அஸ்திவாரம் நனையும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி உயரமுள்ள சிமெண்டுத் தொட்டி போதும். கசிவில்லாத அத்தொட்டியில் கோடையில் ஆவியாவது நாளொன்றுக்கு இரண்டரைக் குடத்துக்குள்ளேயே அடங்கும்; நிழலில் இருந்தால் இன்னும் குறையும். புதுத் தொட்டியின் காரம் போக, நீர் நிரப்பி வாழைத்தண்டு வெட்டிப்போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை மாற்றவேண்டும். மாநகராட்சிக் குழாய் நீரைக் குளோரின் மணம் நீங்க ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றவேண்டும். பத்து மீனுக்கு மேல் விடலாகாது. மீன் இல்லாமல் நீர் மட்டும் நிற்கும் தொட்டி கொசுவுக்கு வீடாகி, அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் காய்ச்சலைக் கொடுக்குமாதலால், மீன் பிடித்த அன்றே தொட்டியை வடித்துத் துடைத்துவிடவேண்டும்.

ஒரு ஆட்சேபம்

ஆழமற்ற குளத்தில் வெளிச்சம் அடிவரை எட்டுவதால் மீனுக்கு இரை மிகுதியாக உண்டாகும் என்றும், ஆகவே மூன்றடியே மேல் என்றும் சிலர் வாதிக்கிறார்கள். அந்த வாதம் வாய்க்கால் நீர் பாயும் குளங்களுக்குப் பொருந்தும். பெரியாற்று வாய்க்கால் ஓரத்தில் நிலம் உள்ளவருக்கும் அந்த வாய்க்காலில் வருஷம் முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. கொல்லைக் குளத்துக்கோ வாய்க்காலே இல்லை. இரை குறைந்தால் தவிடு கொடுத்து ஈடு செய்யலாம். நீர் குறைந்தால் ஈடு செய்ய வேறொரு பொருள் இல்லை.

எனவே குளம் வேண்டுவோர் கூலியாளை அழைப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் மூன்று தொகைகளை எழுதிக்கொள்ளவேண்டும்: சித்திரைப் பௌர்ணமியன்று கிணற்றில் நின்ற நீர் எத்தனை அடி; வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போக மிச்சம் எத்தனை குடம்; உத்தேசித்த குளத்தின் பரப்புக்கு நாள்தோறும் ஆவியாவது எத்தனை குடம். இரண்டாவது தொகை மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தால் 12 மாதக் குளம். சிறிதாக இருந்தால் 7 மாதக் குளம். இதற்குச் செலவு ஒரு கயிறும் ஒரு கல்லுமே.